பதினொரு நொடி

மாஸெரு. ஜூலை. மலையில் பனி கொட்டிய காலை.
அரசு நீர் நிறுவனத்தின் நான்காம் மாடியில்
ஹீட்டர் ஒன்று, இயக்குநர்கள் ஏழு பேர்,
ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர்,
எல்லை தாண்டி வந்தது.
மலைத் தண்ணீர் சுரங்கம் வழியே
பக்கத்து நாட்டுக்குப் போகிறது.
போனதுதான் மூடி போட்டுக்கொண்டு
திரும்பி வந்ததோ என்னவோ.

புசெலெட்ஸோ நிறுவனச் செயலர்.
வாக்கில்லை அவளுக்கு. பேனா உண்டு.
ஒன்று முதல் ஐந்துவரை ஓடின:
போன கூட்டக் குறிப்பு ஏற்கப்பட்டது,
கார்களுக்கு டயர் ஏற்கப்பட்டது,
மேலாண்மை இயக்குநர் இன்னமும் "பொறுப்பு",
மூன்றாவது ஆண்டாகப் பொறுப்பு,
ஆகவே எதற்கும் பொறுப்பில்லை.

பிறகு தணிக்கைக் குழுவின் தாள்.
நூறு லிட்டர் ஏற்றினால்
நாற்பத்தாறு லிட்டர் கணக்கில் வராத நீர்.
எங்கே போகிறது என்று கேட்டார்
கஹ்லிசோ, ஓய்வுபெற்ற கணித ஆசிரியை.
புதிதாக வந்தவர். கேட்கக் கூடாதென்று
இன்னும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.
மண்ணுக்குள், என்றார் ஒருவர்.
பழைய குழாய், என்றார் இன்னொருவர்.

கணக்கில் வராத நீர்.
அந்தச் சொல்லை ஒருமுறை
எதிரே இருப்பவரைப் பார்த்துச் சொல்லிப் பாருங்கள்.

பொருள் ஏழு. புதுக் குழாய், பதினெட்டு கிலோமீட்டர்,
நாற்பது மில்லியன் மலோட்டி.
சட்டப்படி அவள் வாசிக்க வேண்டும்:
"இதில் எவருக்கேனும் சொந்த நலன் உண்டா?"

தலைவர் மொகோதூ கம்பளியைத் தோளில் இழுத்துக்கொண்டார்.
ஹீட்டர் டிக் டிக்கென்றது.
குழாய் விற்கும் கம்பெனியின் பதிவுத்தாளிலிருந்து
அவர் மருமகனின் பெயர் எழுந்து வந்து
மேஜையைச் சுற்றி
ஒவ்வொரு பாட்டிலாக எட்டிப் பார்த்துவிட்டு
வெளியே போயிற்று.
ஒருவரும் இருமக்கூட இல்லை.

"எவருக்கும் இல்லை" என்று எழுதுவதுதான் வழக்கம்.
அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். எழுதினாள்:
கேள்வி கேட்கப்பட்டது.
பதில் இல்லை. பதினொரு நொடி.

தீர்மானம் நிறைவேறியது, ஆறுக்கு ஒன்று.
பூலா, என்றார் தலைவர்.
மழை என்று பொருள்,
அவர் கூட்டங்கள் முடிவது அப்படித்தான்.
பூலா, என்றார்கள் எல்லோரும்
பாதி குடித்த பாட்டில்களை விட்டுவிட்டு.

செப்டம்பரில் தலைவர் அந்த வரியில் விரல் வைத்தார்.
"இது என்ன?"
"நடந்தது, ந்தாத்தே."
"எடுத்துவிடு."
"எடுக்கலாம். ஒரு தீர்மானம் வேண்டும்.
முன்மொழிபவர் பெயர், வழிமொழிபவர் பெயர்,
எடுப்பதற்கான காரணம்.
மூன்றையும் எழுதிக்கொள்கிறேன்."
பேனா தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

இந்த முறை அவள் எண்ணவில்லை.
கஹ்லிசோ எண்ணினார், உதடு அசைய,
விடை தெரியாத வகுப்பின் முன்
நின்று பழகியவர்.
அடுத்த பொருளுக்குப் போவோம், என்றார் யாரோ.

வரி அங்கேயே இருக்கிறது.
குழாயும் வந்து இறங்கியது, சொன்னதைவிட மெல்லிசு.
அதனால் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு:
ஒன்றும் ஆகவில்லை.
அமைச்சகத்திலிருந்து கடிதம் வந்தது,
ஆசிரியைக்கு நன்றி தெரிவித்து.
குறிப்பேட்டுப் பக்கங்களுக்கு மட்டும் எண் உண்டு.
கிழித்தால் தெரியும்.

இரவு இரண்டு மணி.
அவள் தெருவின் முறை, வாரத்தில் இருமுறை, இந்நேரம்.
வாளிகளை வரிசையாக வைத்துவிட்டு
மீட்டர் முன் குந்தியிருக்கிறாள்.
முதலில் வருவது காற்று,
பெரிய மனிதர் தொண்டையைச் செருமுவதுபோல.
மீட்டர் அதற்கும் சுற்றுகிறது.
டார்ச் அடித்து எண்ணைக் குறித்துக்கொள்கிறாள்,
தண்ணீர் வருமுன் ஒன்று,
வந்தபின் ஒன்று.